பழைய சின்ன லேப்டாப்பிலிருந்து டேப்லெட்டுக்கு: வாங்கும் முன்னும் மாற்றும்போதும் பார்க்க வேண்டியவை

பத்து அங்குலத் திரை, ஒரு ஜிபி ரேம், இன்டெல் ஆட்டம் பிராசசர், ஆன் செய்தால் விழித்துக்கொள்ளவே சில நிமிடங்கள். 2008க்கும் 2012க்கும் இடையில் வந்த நெட்புக்குகளின் ஜாதகம் பெரும்பாலும் இதுதான். அதன் பிறகு, 2014 வாக்கில் தொடங்கி, 11.6 அங்குலத் திரையும் 2 ஜிபி ரேமும் 32 ஜிபி இஎம்எம்சி சேமிப்பும் கொண்ட விண்டோஸ் லேப்டாப்புகள் வந்தன. இரண்டு வகையும் இப்போது ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. நெட்புக்கில் பிரவுசர் திறப்பதற்குள் காபி போட்டுவிடலாம். 32 ஜிபி லேப்டாப்பிலோ விண்டோஸ் அப்டேட்டை இறக்கி வைக்கவே இடம் போதாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்) மூன்றையும் கேட்கிறது. இந்தச் சின்ன லேப்டாப்புகளில் பெரும்பாலானவை இதில் ஒன்றிலாவது தோற்றுவிடும். லினக்ஸ் போட்டுத் தப்பிக்கலாம் என்றால், ஆட்டம் என்270 போன்ற பிராசசர்கள் 32-பிட் மட்டுமே. லினக்ஸ் 32-பிட்டுக்கு குரோம் தருவதை கூகுள் 2016-லேயே நிறுத்திவிட்டது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வகையில் 32-பிட் கணினிக்கான இன்ஸ்டாலர் கிடையாது. ஃபயர்ஃபாக்ஸும் 145-ஆம் பதிப்போடு 32-பிட் லினக்ஸைக் கைவிட்டது. பாதுகாப்பான பிரவுசர் இல்லாத கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க முடியாது, திறக்கவும் கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. உங்கள் சின்ன லேப்டாப் 64-பிட், 4 ஜிபி ரேம், கழற்றக்கூடிய 2.5 அங்குல சாட்டா ஹார்ட்டிஸ்க் என்ற மூன்றையும் கொண்டதா? அப்படியானால் ஒரு எஸ்எஸ்டி போட்டு, எடை குறைந்த லினக்ஸ் ஒன்றை நிறுவினால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். அதைச் செய்து பார்த்துவிட்டு மேலே யோசியுங்கள். இஎம்எம்சி என்பது மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்ட சிப். அதை மாற்ற வழியில்லை. அந்த லேப்டாப்பில் பணம் போடாதீர்கள்.

டேப்லெட் பற்றிப் பேசும்போது எல்லோரும் வேகத்தைத்தான் ஒப்பிடுகிறார்கள். அதில் போட்டியே இல்லை: நடுத்தர டேப்லெட் எதுவும் ஆட்டம் பிராசசரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். சிக்கல் வருவது வேறு இடத்தில். லேப்டாப்பின் பக்கவாட்டில் என்னென்ன செருகியிருந்தது, அதன் ஃபோல்டர்களுக்குள் என்னென்ன கிடந்தது, அந்த வேலைகள் எந்த மென்பொருளை நம்பியிருந்தன என்பதில்தான் இந்த மாற்றம் வெற்றி பெறுகிறது அல்லது கவிழ்கிறது.

முதலில் ஒரு பட்டியல்

வாங்கும் முன் இரண்டு வாரம், லேப்டாப்பில் செய்யும் ஒவ்வொரு வேலையையும் ஒரு தாளில் எழுதுங்கள். வேலை என்ன, எந்த மென்பொருள், அந்த ஃபைல் எங்கே இருக்கிறது, அதற்காக எதைச் செருகினீர்கள் என்று நான்கு விவரம் போதும். மனக்கணக்காகப் போட்டால் மாதம் ஒருமுறை வரும் வேலைகள் விட்டுப்போகும். பின்னால் காலை வாரிவிடுபவையும் அவைதான்.

இணையம், மின்னஞ்சல், வீடியோ அழைப்பு, பிடிஎஃப் வாசிப்பு, படம் பார்ப்பது ஆகியவற்றில் டேப்லெட் பழைய லேப்டாப்பைவிட நன்றாகவே இருக்கும், யோசிக்கவே வேண்டாம். நீளமான கட்டுரை தட்டச்சு, சின்ன எக்செல் கணக்கு, பாடக் குறிப்பு போன்றவை நல்ல கீபோர்டு இருந்தால் நடக்கும்.

நடக்காதவை தனி ரகம். மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) வைத்த எக்செல் ஃபைல்கள் டேப்லெட்டில் திறக்கும், மேக்ரோ ஓடாது. விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்பத்துக்கான யுஎஸ்பி டோக்கன், டிவிடி டிரைவ், டிரைவர் மென்பொருள் கேட்கும் பழைய ஸ்கேனர், பென்டிரைவைப் பூட் ஆகும்படி தயாரிப்பது, கண்காணிப்பு மென்பொருளோடு நடக்கும் ஆன்லைன் தேர்வு ஆகியவற்றுக்கு டேப்லெட்டை நம்ப வேண்டாம். பிரிண்டரும் இங்கேதான் வருகிறது. வைஃபை பிரிண்டர் ஏர்பிரிண்டை ஆதரித்தால் ஐபேடிலிருந்தும், மோப்ரியாவை ஆதரித்தால் ஆண்ட்ராய்டிலிருந்தும் நேராக அச்சிடலாம். யுஎஸ்பி வயர் மட்டும் உள்ள பழைய பிரிண்டர் என்றால், அதை வலையில் பகிர்ந்துகொடுக்க வேறொரு கணினி வேண்டியிருக்கும்.

இந்த மூன்றாவது ரகத்தில் வாரம் ஒரு வேலையாவது இருந்தால் டேப்லெட் உங்கள் ஒரே கணினியாக இருக்க முடியாது. வீட்டில் இன்னொரு கணினி இருந்தால் பரவாயில்லை. குரோம் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் டேப்லெட்டிலிருந்தே அதை இயக்கலாம். விண்டோஸின் சொந்த ரிமோட் டெஸ்க்டாப்பை ஹோம் பதிப்புக் கணினிக்குள் நுழையப் பயன்படுத்த முடியாது, புரோ பதிப்பு வேண்டும். வேறு கணினியே இல்லை என்றால், கீபோர்டு கழற்றும் விண்டோஸ் டேப்லெட்டையோ புதிய சின்ன லேப்டாப்பையோ பார்ப்பதுதான் நேர்வழி.

திரை: குறுக்களவை மட்டும் பார்க்காதீர்கள்

நெட்புக்கின் 10.1 அங்குலத் திரையும் டேப்லெட்டின் 10 அல்லது 11 அங்குலத் திரையும் ஒன்றுதானே என்று தோன்றும். எழுதவும் படிக்கவும் முக்கியமானது உயரம். 1024க்கு 600 பிக்சல் கொண்ட 10.1 அங்குல நெட்புக் திரையின் உயரம் ஏறத்தாழ 13 செ.மீ. 11.6 அங்குல லேப்டாப்பில் 14.4 செ.மீ. 16:10 விகிதமுள்ள 11 அங்குல ஆண்ட்ராய்டு டேப்லெட்டைப் படுக்கவாட்டில் வைத்தால் 14.8 செ.மீ. ஐபேட் 10-ஆம் தலைமுறையின் 10.9 அங்குலத் திரை கிட்டத்தட்ட சதுரத்தை நோக்கிப் போவதால் 15.8 செ.மீ. கிடைக்கிறது. ஆவணம் எழுதுபவருக்கு இது சில வரிகள் கூடுதல். படம் பார்ப்பவருக்கோ மேலும் கீழும் கறுப்புப் பட்டை.

ஆனால் திரைக் கீபோர்டைத் திறந்த மறுகணமே இந்த உயரத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும். கீபோர்டு தனியாக வாங்காமல் டேப்லெட்டை லேப்டாப் போல் பயன்படுத்தலாம் என்று கணக்குப் போடுவது இங்கேதான் தவறுகிறது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்ட், எக்செல் மொபைல் ஆப்களில் 10.1 அங்குலம் வரையிலான திரைகளில் அடிப்படை எடிட்டிங் இலவசம் என்பது நீண்டகால விதி. அதற்கு மேற்பட்ட திரையில் திருத்த மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கேட்கும். இல்லாவிட்டால் படிக்க மட்டும்தான். பெரிய திரை வாங்கி அலுவலக ஆப் பூட்டிக்கொண்டதே என்று விழிக்காமல் இருக்க, கூகுள் டாக்ஸையோ கொலாபரா ஆபிஸையோ முன்பே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள். லிப்ரேஆபிஸின் ஓடிடி (.odt) ஆவண ஃபைல்கள் கைவசம் நிறைய இருந்தால் கொலாபரா ஆபிஸ் பொருத்தம். அதன் உள்ளே ஓடுவது லிப்ரேஆபிஸ்தான்.

மற்ற அளவுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆண்ட்ராய்டு என்றால் 4 ஜிபி ரேம் என்பது கடைசி எல்லை. பிரவுசரும் எழுதும் ஆப்பும் பக்கத்துப் பக்கத்தில் திறந்திருக்க 6 அல்லது 8 ஜிபி வேண்டும். இல்லையேல் ஒரு ஆப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போய் வருவதற்குள் பாதி நிரப்பிய படிவம் மறுபடி லோடாகி வெறுமையாக நிற்கும். சேமிப்பு 128 ஜிபி. மைக்ரோ எஸ்டி அட்டை போடும் வசதி இருந்தாலும் ஆப்கள் அதில் சரியாக உட்காருவதில்லை. படங்களுக்கும் வீடியோவுக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் வைட்வைன் (கட்டணப் படங்களுக்கான நகல் பாதுகாப்பு முறை) எல்1 என்று இருக்கிறதா பாருங்கள். எல்3 என்றால் கட்டணப் பட ஆப்கள் பல, திரை எவ்வளவு கூர்மையாக இருந்தாலும், 480பி தரத்தில்தான் ஓட்டும். பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்று தயாரிப்பாளரின் தளத்தில் எழுத்தில் இல்லாவிட்டால் அந்த மாடலை விட்டுவிடுங்கள். அப்டேட் நின்றுபோனதால்தான் பழையதை மாற்றுகிறோம். அதே நிலை இரண்டே ஆண்டில் திரும்பி வருவதற்கா இவ்வளவு பாடு?

யுஎஸ்பி-சி துளை எல்லாம் ஒன்றல்ல

துளையின் வடிவம் ஒன்று, உள்ளே ஓடுவது வேறு. மலிவான டேப்லெட்டுகளில் யுஎஸ்பி-சி துளைக்குப் பின்னால் யுஎஸ்பி 2.0தான் இருக்கும்: விநாடிக்கு 480 மெகாபிட். ஐபேட் 10-ஆம் தலைமுறையும் அப்படித்தான். ஃபைல் நகலெடுக்க அது ஓரளவு போதும். மானிட்டரோ புரொஜெக்டரோ இணைக்க வேண்டுமானால் அந்தத் துளை டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோடை ஆதரிக்க வேண்டும். ஆதரிக்காத டேப்லெட்டில் எவ்வளவு விலையுயர்ந்த எச்டிஎம்ஐ ஹப் போட்டாலும் திரை இருட்டாகவே இருக்கும். ஹப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. வேகமும் திரை வெளியீடும் தனித்தனி என்பதற்கும் அதே ஐபேட்தான் உதாரணம்: ஃபைல் வேகம் யுஎஸ்பி 2.0, ஆனாலும் வெளித்திரைக்குப் படம் போகும்.

ஹப் வாங்கும்போது பவர் டெலிவரி பாஸ்-த்ரூ (ஹப் வழியாகவே சார்ஜ் ஏற்றும் வசதி) உள்ளதாக வாங்குங்கள். டேப்லெட்டில் இருக்கும் ஒரே துளையை ஹப் பிடித்துக்கொண்டால் சார்ஜ் எங்கே ஏற்றுவது? பழைய 2.5 அங்குல ஹார்ட்டிஸ்க்குக்கு இன்னொரு தேவையும் உண்டு. சுழலத் தொடங்கும் நொடியில் அது 5 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு ஆம்பியர் இழுக்கும். பல டேப்லெட்டுகள் அவ்வளவு தருவதில்லை. டிஸ்க் 'டிக் டிக்' என்று தட்டிவிட்டு நின்றுபோகும், அல்லது நகலெடுக்கும் நடுவில் காணாமல் போகும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாமல், தனி மின்சாரம் உள்ள ஹப் வழியாக ஒருமுறை இணைத்துப் பாருங்கள்.

கீபோர்டும் தமிழும்

சாதாரண கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்கு 19 மி.மீ. இருக்கும். நல்ல 10 அங்குல நெட்புக்குகளில் இது 17.5 மி.மீ. அளவுக்குச் சுருங்கியிருந்தது, விரல்கள் அதற்குப் பழகியிருக்கும். டேப்லெட்டுக்கான கீபோர்டு உறைகளிலும் 17, 18 மி.மீ. கிடைக்கிறது. அதற்குக் கீழே இறங்காதீர்கள். அளவைவிட எரிச்சலூட்டுபவை இடம் மாறிய விசைகள்: எஸ்கேப் இருக்க வேண்டிய இடத்தில் ஹோம் பொத்தான், பாதியாக வெட்டப்பட்ட வலப்பக்க ஷிஃப்ட், எஃப்என் அழுத்தினால் மட்டும் வரும் ஒற்றை மேற்கோள். தமிழ் 99 முறையில் தட்டச்சு செய்பவர்கள் மேற்கோள், செமிகோலன், அடைப்புக்குறி விசைகளையும் எழுத்துகளுக்குப் பயன்படுத்துவதால், அந்த விசைகள் வழக்கமான இடத்தில் முழு அளவில் உள்ளனவா என்று படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

உறையோடு காந்தத் தொடுமுனைகளில் இணையும் கீபோர்டுக்குத் தனி பேட்டரி கிடையாது, சார்ஜ் போட வேண்டாம், இணைப்பு தடுமாறாது. ப்ளூடூத் கீபோர்டு மலிவு. ஆனால் சில நிமிடம் சும்மா இருந்தால் தூங்கிப் போய், எழுப்பும் முதல் சில எழுத்துகளை விழுங்கிவிடும். மடியில் வைத்து எழுதுபவரா? பின்னால் கால் மடக்கி நிற்கும் உறைகளுக்கு மேசைதான் சரி. மடிக்கு, லேப்டாப் போல விறைப்பான கீல் கொண்ட உறை வேண்டும். அந்த உறைகளில் பல, டேப்லெட்டின் எடைக்கு ஈடான எடை கொண்டவை. 480 கிராம் டேப்லெட்டும் 500 கிராம் உறையும் சேர்ந்தால் நெட்புக்கின் எடைக்கு அருகில் போய்விடும். பை இலேசாகும் என்று யாராவது சொன்னால், உறையைச் சேர்த்து எடை போட்டார்களா என்று கேளுங்கள்.

தமிழ்த் தட்டச்சில் ஏமாற்றம் வரும் இடம் ஒன்று உண்டு. திரைக் கீபோர்டில் தமிழ் அருமையாக வரும். ஜிபோர்டில் ஒலிபெயர்ப்பு இருக்கிறது. ஐபேடில் தமிழ் 99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் உள்ளேயே வருகின்றன. வெளிக் கீபோர்டை இணைத்ததும் கதை மாறலாம். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் வசதி பல ஆண்ட்ராய்டு ஆப்களில் திரைக் கீபோர்டுக்கு மட்டும்தான். விண்டோஸில் என்எச்எம் ரைட்டரோ இ-கலப்பையோ வைத்து எந்த மென்பொருளிலும் தமிழ் அடித்தவருக்கு இது பெரிய இடி. ஆகவே டேப்லெட்டையும் கீபோர்டையும் சேர்த்து வைத்து, உங்களுக்குப் பழகிய முறையில் 'ஸ்ரீ', 'க்ஷ', 'ஔவை', 'கொக்கு' நான்கையும் பிரவுசரிலும் எழுதும் ஆப்பிலும் அடித்துப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். மொழி மாற்றும் குறுக்குவிசை வேலை செய்கிறதா என்பதும் முக்கியம். ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லுக்கும் திரையைத் தொட்டு மாற்ற நேர்ந்தால் ஒரே நாளில் வெறுத்துவிடும்.

ஃபைல்களை வெளியே எடுப்பது

பழைய கணினி முனகிக்கொண்டாவது ஓடும்போதே இதைச் செய்யுங்கள். வைஃபையில் அனுப்பலாம் என்று தோன்றும். 802.11ஜி காலத்து வைஃபை கொண்ட நெட்புக்கில் 54 மெகாபிட் என்று எழுதியிருந்தாலும் கையில் கிடைப்பது 20 அளவுதான். 60 ஜிபி நகர ஆறரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். யுஎஸ்பி 2.0-இல் விநாடிக்கு 30 எம்பி கிடைத்தால் அதே 60 ஜிபி சுமார் 35 நிமிடம். சின்னச் சின்ன ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இதுவே பல மடங்காகும். அவற்றை ஜிப்பாகக் கட்டி நகர்த்துவது நல்லது.

நகல் வாங்கும் டிரைவை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். ஃபாட்32-இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைல் போகாது. விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிரைவில் ஐபேட் எழுதாது. ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் சில அதைக் கண்டுகொள்வதே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் நெட்புக்குக்கு மட்டும் எக்ஸ்ஃபாட் தெரியாது, அதற்கென்று மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட கேபி955704 அப்டேட் வேண்டும். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டருக்குத் தெரியும். (திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற விடாத பதிப்பு அது, ஆனால் இந்த விஷயத்தில் வஞ்சகமில்லை.)

ஹார்ட்டிஸ்க் சத்தம் போடுகிறது என்றால் முழு டிஸ்க்கையும் நகலெடுக்க முயலாதீர்கள். முதலில் ஆவணங்கள், பிறகு புகைப்படங்கள், மற்றவை கடைசியில். சத்தம் கூடினால் நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி உறையில் போட்டு வேறு கணினியில் எடுங்கள். இரண்டு நகல் வேண்டும். ஒன்று டேப்லெட்டுக்கு வெளியே. நகல் முடிந்ததும் இரு பக்கமும் ஃபோல்டரின் ஃபைல் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒத்துப்போகிறதா பாருங்கள்.

ஒத்துப்போகவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் பெயர்தான். தமிழில் நீளமாகப் பெயர் வைத்த ஃபைல்கள் விண்டோஸிலிருந்து ஆண்ட்ராய்டின் உள்சேமிப்புக்குப் போக மறுக்கும். ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் ஃபைல் அமைப்பில் ஒரு பெயருக்கு 255 பைட்தான் உச்சம். யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட்; 'க' போன்ற அகர எழுத்தும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறிகள் என்பதால் 'கொ' என்ற ஒரே எழுத்துக்கு 6 பைட் செலவாகிறது. ஆக 85 குறிகளைத் தாண்டினால் அந்தப் பெயர் நிற்காது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பைட்டை எண்ணாமல் 255 குறிகள் வரை விடுவதால் அங்கே சிக்கலே தெரிந்திருக்காது. மின்னூல், பாடல் தொகுப்பு வைத்திருப்பவர்கள் நகலுக்கு முன்பே பெயர்களைச் சுருக்கிவிடலாம். லினக்ஸ் நெட்புக் என்றால் பெயரில் முக்காற்புள்ளியோ கேள்விக்குறியோ உள்ள ஃபைல்களை எக்ஸ்ஃபாட் ஏற்காது.

பழைய எழுத்துருவில் கிடக்கும் தமிழ்

பாமினி, டிஸ்கி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்த ஆவணங்கள் உங்களிடம் இருந்தால் டேப்லெட் வாங்கும் முன் முடிக்க வேண்டிய முதல் வேலை அவைதான். அந்த எழுத்துரு இல்லாத கருவியில் அவை ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். டேப்லெட்டில் எழுத்துரு நிறுவுவது சுற்றுவழி. நிறுவினாலும் எல்லா ஆப்பும் அதை எடுத்துக்கொள்வதில்லை.

எழுத்துரு நிறுவியிருக்கும் பழைய லேப்டாப்பிலேயே ஆவணத்தைத் திறந்து, முதலில் ஒரு பிடிஎஃப் எடுங்கள். எழுத்துரு உள்ளே பதிந்துவிடுவதால் எங்கும் சரியாகத் தெரியும். ஆனால் அந்த பிடிஎஃப்பில் தேடினால் எதுவும் கிடைக்காது, நகலெடுத்து ஒட்டினால் மீண்டும் குப்பை. அதனால் பிடிஎஃப்பைச் சரிபார்க்கும் மூலப்பிரதியாக மட்டும் வைத்துக்கொண்டு, உரையை ஒரு மாற்றி மூலம் யூனிகோடாக்கித் தனி ஃபைலாகச் சேமியுங்கள்.

மாற்றிகள் தவறும் இடங்கள் தெரிந்தவையே. நடுவில் வந்த ஆங்கிலச் சொற்களும் மின்னஞ்சல் முகவரிகளும் தமிழ் எழுத்துக் குவியலாகிவிடும். ஔகார உயிர்மெய்யில் பழைய எழுத்துருக்கள் 'ள' வடிவத்தையே பயன்படுத்தியதால் 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகும். பார்வைக்கு இரண்டும் ஒன்று போலிருக்கும், தேடலில் சிக்காது. கெள, செள, பெள, மெள, ரெள, வெள என்று வரும் இடங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். 'வெள்ளம்', 'கெளுத்தி' போன்றவை உண்மையான ளகரம் என்பதால் ஒரேயடியாக எல்லாவற்றையும் மாற்றிவிடக் கூடாது. ஒரே ஆவணத்தில் இரண்டு மூன்று எழுத்துருக்கள் கலந்திருந்தால், எழுத்துரு வாரியாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

அஞ்சல், கடவுச்சொல், புத்தகக்குறி

மின்னஞ்சலை பாப்3 முறையில் இறக்கி வைத்திருந்தீர்களா? அப்படியானால் பழைய கடிதங்கள் சர்வரில் இல்லாமல் லேப்டாப்பில் மட்டும் இருக்கலாம். அவுட்லுக்கின் பிஎஸ்டி ஃபைலை டேப்லெட்டில் உள்ள அஞ்சல் ஆப்கள் திறக்காது. லேப்டாப்பில் உள்ள அஞ்சல் மென்பொருளில் அதே கணக்கை ஐமேப் (கடிதங்கள் சர்வரிலேயே இருக்கும்) முறையிலும் சேர்த்து, பழைய ஃபோல்டர்களை அந்தக் கணக்குக்குள் இழுத்துப் போடுங்கள். சர்வரில் இடம் போதுமா என்று முதலில் பாருங்கள். ஒரு தடவைக்குச் சில நூறு கடிதங்கள் போதும்; ஆயிரக்கணக்கில் தள்ளினால் சர்வர் பாதியில் நிறுத்திவிடும், எது போனது எது போகவில்லை என்று தேடி மாளாது.

புத்தகக்குறிகளை எச்டிஎம்எல் ஃபைலாக எடுத்து வைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். மொபைல் குரோமிலும் மொபைல் ஃபயர்ஃபாக்ஸிலும் அந்த ஃபைலை உள்ளே ஏற்றும் வசதி இல்லை. லேப்டாப் பிரவுசரில் கணக்கில் நுழைந்து ஒத்திசைப்பதுதான் வழி. எக்ஸ்பியில் குரோம் 49-உம் ஃபயர்ஃபாக்ஸ் 52-உம்தான் கடைசி. அவற்றில் ஒத்திசைவு நடக்காவிட்டால் அந்த எச்டிஎம்எல்லை வேறொரு கணினியின் புதிய பிரவுசரில் ஏற்றி, அங்கிருந்து ஒத்திசையுங்கள். கடவுச்சொற்களை சிஎஸ்வி ஃபைலாக எடுத்தால் அது பூட்டே இல்லாத வெறும் உரை. ஏற்றி முடித்ததும் பென்டிரைவிலிருந்தும் அழித்துவிடுங்கள். இருபடிச் சரிபார்ப்பு எண் தரும் மென்பொருள் லேப்டாப்பில் இருந்தால் அதை முதலில் இடம் மாற்றுங்கள். எல்லாம் முடிந்த பிறகு பார்க்கலாம் என்று விட்டால் கணக்குக்கு வெளியே நிற்க வேண்டி வரும்.

விளம்பரத் தடுப்பான் இல்லாமல் இருக்க முடியாதவர்களுக்கு: ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷன் கிடையாது, ஃபயர்ஃபாக்ஸில் உண்டு. ஐபேடில் சஃபாரிக்கென்றே தனியாக வருகின்றன.

முதல் மாதத்தில் வரும் தொல்லைகள்

லேப்டாப்பில் ஒரு பெரிய ஃபைலை ஏற்ற விட்டுவிட்டு வேறு வேலை பார்த்துப் பழகியிருப்போம். டேப்லெட்டில் அந்த ஆப்பை விட்டு வெளியே வந்தால் சிறிது நேரத்தில் இயங்குதளம் அதை உறைய வைத்துவிடும். ஐபேடில் இது அதிகம். பேட்டரியைக் காக்கிறேன் என்று சில ஆண்ட்ராய்டு தயாரிப்பாளர்களும் கடுமையாகச் செய்கிறார்கள். ஆண்ட்ராய்டில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை விலக்கலாம். ஐபேடில் ஆப்பைத் திரையிலேயே வைத்து, திரை அணையும் நேரத்தை நீட்டிவிட்டு, ஏறி முடியும்வரை விட்டுவிடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஆப் திறந்து வைத்தாலும் இரண்டும் உயிரோடு இருக்கும்.

அடுத்தது நகல்கள் பெருகுவது. மின்னஞ்சலில் வந்த ஆவணத்தை வேறொரு ஆப்பில் திறந்தால் பல சமயம் அதன் நகல்தான் திறக்கிறது. திருத்திச் சேமித்துவிட்டு மின்னஞ்சலில் திறந்து பார்த்தால் பழையதே இருக்கும். ஒரே கடிதத்துக்கு நான்கு பிரதிகள், எது கடைசி என்று தெரியாது. இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் போதும்: வரும் எந்த ஃபைலையும் முதலில் ஒரே ஃபோல்டரில் சேமித்து, எழுதும் ஆப்பின் உள்ளிருந்து 'திற' என்று அந்த ஃபோல்டருக்குப் போய்த் திறப்பது. ஃபைல் பட்டியலிலிருந்து 'பகிர்' பொத்தான் வழியாகப் போகாதீர்கள்.

ஆப்பை நீக்கினால் அதன் பெட்டிக்குள் இருந்த ஃபைல்களும் கூடவே போகும் என்பது இன்னொரு பொறி. லேப்டாப்பில் வேர்டை நீக்கினால் ஆவணங்கள் அப்படியே இருக்கும். இங்கே குறிப்பெடுக்கும் ஆப்பை நீக்கினால் குறிப்புகளும் சேர்ந்தே போகலாம். நீக்கும் முன் அந்த ஆப்பிலிருந்து ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள்.

சில இணையதளங்கள் டேப்லெட்டைப் பெரிய மொபைலாக எண்ணிப் பாதிப் பொத்தான்களை மறைத்துவிடும். பிரவுசர் மெனுவில் 'டெஸ்க்டாப் தளம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகும். ஐபேட் சஃபாரி 2019 முதல் இயல்பாகவே அப்படித்தான் கேட்கிறது.

மேசையிலேயே நாள் முழுக்கச் சார்ஜரில் செருகி வைத்தால் டேப்லெட் பேட்டரி உப்பும் வாய்ப்பு அதிகரிக்கிறது. 80 சதவீதத்தில் நிறுத்தும் அமைப்பு உங்கள் மாடலில் இருந்தால் முதல் நாளே இயக்கிவிடுங்கள். திரையின் விளிம்பு மேலே தூக்குவது போலத் தெரிந்தால் சார்ஜ் ஏற்றுவதை உடனே நிறுத்த வேண்டும். அழுத்திப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

பழையதை என்ன செய்வது

குறைந்தது ஒரு மாதம் தொடாமல் வைத்திருங்கள். பட்டியலில் விட்டுப்போன மாதாந்தர வேலை அப்போதுதான் தலைகாட்டும். அதற்குப் பிறகும் ஓடுகிறது என்றால், திரைமுகப்பு இல்லாத லினக்ஸ் போட்டு, சாம்பா (ஃபைல்களை வலையில் பகிரும் மென்பொருள்) நிறுவி, டேப்லெட்டுக்கான வீட்டு ஃபைல் கிடங்காகவோ யுஎஸ்பி பிரிண்டரை வைஃபையில் பகிரும் இடைத்தரகராகவோ வைத்துக்கொள்ளலாம். இரண்டுக்கும் 1 ஜிபி ரேம் தாராளம். 32-பிட் இயந்திரத்தில் அப்டேட் நின்ற இயங்குதளம்தான் ஓடும் என்றால், அதை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாமல் வீட்டு வலைக்குள் மட்டும் வையுங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டுவது பாதுகாப்பு. நெட்புக்குகளில் பெரும்பாலும் இரண்டு தாழ்ப்பாளைத் தள்ளினால் கழன்றுவிடும்.

யாருக்காவது கொடுப்பதானால் 'ஃபார்மட்' போதாது. சுழலும் ஹார்ட்டிஸ்க்கை முழுவதும் ஒருமுறை பூஜ்யத்தால் மேலெழுதினால் போதும். ஏழு தடவை எழுதச் சொல்லும் பழைய அறிவுரைக்கு இன்று தேவையில்லை. எஸ்எஸ்டிக்கு மேலெழுதுதல் முழுமையாகப் போய்ச் சேராது, அதன் சொந்த 'செக்யூர் இரேஸ்' கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். டிஸ்க் உயிரோடு இல்லை என்றால் கழற்றி வைத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். கழற்றிய பேட்டரியின் உலோக முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் தனியாகச் சேருங்கள். வீட்டுக் குப்பையோடு போனால் நசுங்கும் இடத்தில் தீப்பிடிக்கும்.